மறு: கிட்டார் ‘இன்டொனேஷன்’: மெட்டிசைவு எனலாமா?

குழும நண்பர்களுக்கு வணக்கம். கிட்டாரில் ஒவ்வொரு மெட்டிலும் சுரம் சரியாகப் பேசும் ‘இன்டொனேஷன்’ என்ற குணத்துக்கு ‘மெட்டிசைவு’ எனலாமா என்று கேட்டிருந்தேன்; அதற்கு வந்த கேள்விகளுக்கு இது பதில்.

> ‘சுருதி சுத்தம்’ இருக்கும்போது புதுச்சொல் எதற்கு?

பாடுகிறவருக்கு அது சரி. தம்புராவோடு குரல் ஒட்டி நிற்பது அவருடைய காதையும் பயிற்சியையும் பொறுத்தது. கிட்டாரில் நாம் பெயர் தேடுவது கருவிக்குள் இருக்கும் ஒரு குணத்துக்கு. ஆறு தந்திகளுக்கும் பிசகாமல் சுருதி சேர்த்த பிறகும், மேல் மெட்டுகளில் (கழுத்தில் குறுக்கே பதித்த ‘ஃப்ரெட்’ கம்பிகளில்) சுரம் விலகலாம். விரலால் அழுத்தும்போது தந்தி சற்று இழுபடுகிறது. இழுபட்டால் சுரம் ஏறும். அதை ஈடுகட்டத்தான் குதிரைப் (தந்திகளைத் தாங்கும் ‘பிரிட்ஜ்’) பக்கம் தந்தியின் நீளத்தைக் கொஞ்சம் கூட்டி வைக்கிறார்கள்.

போன வாரம் என் எலக்ட்ரிக் கிட்டாரில் ஆறாம் தந்தியை வெறுமனே மீட்டினால், சுருதியைக் காட்டும் ட்யூனரின் முள் நடுவில் நின்றது. 12ஆம் மெட்டில் அழுத்தினால் 8 சென்ட் ஏற்றம் (சென்ட் என்பது அரைச்சுரத்தில் நூறில் ஒன்று). புதுத் தந்தி போட்டதும் 6 ஆனது (பழைய தந்தியில் இதைச் சோதிப்பது வீண்). அப்புறம் சேடிலின் (குதிரையில் தந்தி அமரும் சிறு துண்டு) திருகைத் திருப்பித் தந்தியை நீளமாக்கி, மறுபடி சுருதி சேர்த்து, மறுபடி 12ஆம் மெட்டைப் பார்த்து, நான்கைந்து தடவையில் சரிக்கு வந்தது. இறக்கமாக இருந்திருந்தால் நீளத்தைக் குறைத்திருப்பேன். இந்த வேலையையும் ‘சுருதி சேர்த்தேன்’ என்றே சொன்னால் கேட்பவருக்கு எப்படிப் புரியும்?

வீணையில் 24 மெட்டுகளையும் மெழுகில் பதித்து, ஒவ்வொன்றும் அதனதன் சுரம் பேசும்படி அமைப்பதை ‘மேளம் கட்டுதல்’ என்பார்கள். அருமையான சொல். அதையே எடுத்துக்கொள்ளத்தான் முதலில் ஆசைப்பட்டேன். ஆனால் கிட்டாரில் மெட்டு நகராது, சேடில்தான் நகரும். அதனால் வீணையிலிருந்து மெட்டை மட்டும் வாங்கி ‘மெட்டிசைவு’ என்கிறேன்.

> மெட்டு என்றால் பாட்டு மெட்டு என்றுதானே நினைப்பார்கள்?

தனியாக நின்றால் நினைக்கலாம். ‘மூன்றாம் தந்தியில் மெட்டிசைவு 4 சென்ட் விலகியிருக்கிறது’ என்ற வாக்கியத்தில் யாரும் குழம்ப மாட்டார்கள். ‘மெட்டுத் தூய்மை’ மட்டும் வேண்டாம், துணியால் துடைக்கிற வேலை போல இருக்கிறது.

ட்யூனருக்குச் ‘சுருதிப்பெட்டி’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அது சுருதி கொடுக்கும் பெட்டி. அளப்பதற்கு, வெப்பமானி போல, ‘சுருதிமானி’ பொருந்தும். தலைப்பகுதியில் கவ்வி நிற்கும் வகை ‘கவ்வுச் சுருதிமானி’. அன்றாடம் சுருதி சேர்க்க 1 சென்ட் துல்லியம் தாராளம். மெட்டிசைவு பார்க்க 0.1 சென்ட் வரை பிரித்துக் காட்டும் ஸ்ட்ரோப் வகையே நல்லது.

‘சென்ட்’ அப்படியே இருக்கட்டும். ஏக்கரில் நூறில் ஒன்று நமக்கு ஏற்கெனவே சென்ட். இங்கே அரைச்சுரத்தில் நூறில் ஒன்று.

ஸ்ட்ரோபுக்குத்தான் எனக்குச் சொல் அமையவில்லை. முள் இல்லை, ஓடும் கோடுகள் சுருதி சேர்ந்ததும் அசையாமல் நிற்கும். அந்த நிற்றலிலிருந்து ஒரு சொல் பிறக்குமா, பாருங்கள்.