சிட்டா எடுக்கப் போனால் பட்டியலில் எங்கள் ஊரே இல்லை

கரிசல்காட்டான்:
பெரியப்பாவுக்கு விளாத்திகுளம் பக்கம் கொஞ்சம் புஞ்சை இருக்கிறது. பயிர்க்கடனுக்குச் சிட்டா, அதாவது நிலம் யார் பெயரில் இருக்கிறது என்று காட்டும் வருவாய்த்துறைத் தாள், கேட்கிறார்கள். ஆன்லைனில் இலவசம்தானே என்று அரசின் இசர்வீசஸ் தளத்தைத் திறந்து உட்கார்ந்தேன். மாவட்டம், வட்டம் வரை சரி, அடுத்து வரும் கிராமப் பட்டியலில் எங்கள் ஊர் இல்லை. அவர் கையில் இருப்பது 1970களில் எழுதிய கிரயப் பத்திரம் மட்டும்தான், அதிலுள்ள சர்வே எண்ணைப் பக்கத்து ஊர் பெயரில் போட்டால் யாரோ ஒருவர் பெயர் வருகிறது. தளம் முழுக்கத் தமிழில் இருந்தும் எழுபது வயது ஆள் இதில் எப்படித் தேடுவார்?

நஞ்சைபுஞ்சை:
நீங்கள் சொல்வது குக்கிராமத்தின் பெயராக இருக்கும் தம்பி. தளத்தில் இருப்பவை வருவாய் கிராமங்கள், ஒன்றுக்குள் நாலைந்து ஊர்கூட அடங்கும். வீட்டில் பழைய கிஸ்து (நிலவரி) ரசீது கிடக்கிறதா பாருங்கள், அதில் வருவாய் கிராமமும் பட்டா எண்ணும் இருக்கும், பட்டா எண்ணை வைத்தும் தேடலாம். அப்புறம், 1980களில் யு.டி.ஆர். என்று நிலப் பதிவேடுகளைப் புதுப்பித்தபோது ஏகப்பட்ட நிலங்களுக்குப் புது உட்பிரிவு (சர்வே எண்ணுக்குள் பிரித்த எண்) போட்டார்கள், சில ஊர்களில் சர்வே எண்ணே மாறிவிட்டது. அதனால் பழைய பத்திர எண்ணை அப்படியே போட்டால் வேறு ஆள் பெயர் வரத்தான் செய்யும். பழைய எண்ணுக்குப் புது எண் எது என்று வி.ஏ.ஓ.விடம் (கிராம நிர்வாக அலுவலர்) கேளுங்கள்.

தறிநாடா:
தமிழ்நாடு அரசின் வரைபடத் தளமான டிஎன்ஜிஐஎஸ்ஸில் வரைபடம் இருக்கிறது, நிலம் இருக்கும் இடத்தைத் தொட்டால் இப்போதைய சர்வே எண் வரும். ஆனால் இதை நாலு பேரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது என்பதுதான் எரிச்சல். தாலுகா ஆபீஸ் பதிவேடு எந்த வரிசையில் இருக்கிறதோ அதே வரிசையில் கேள்வி கேட்கிறார்கள். மக்களுக்குத் தெரிந்தது ஊர் பெயரும் அப்பா பெயரும். குடியிருப்புகளின் பட்டியல் ஊரக வளர்ச்சித் துறையிடமே இருக்கிறது, அதை வருவாய் கிராமத்தோடு இணைத்து ஒரு தேடல் பெட்டி வைத்தால் பாதி பேர் இ-சேவை மையத்துக்கு அலைய வேண்டாம்.

மாட்டுவண்டி:
ஆந்திராவில் 2025 ஜனவரியில் 161 சேவைகளோடு 'மன மித்ரா' என்று வாட்ஸ்அப்பிலேயே கொண்டுவந்தார்களே, அதுபோல இங்கேயும் எல்லாச் சேவைகளும் வாட்ஸ்அப்பில் வந்தால் போதும்.

தறிநாடா:
வரட்டும், நல்லதுதான். ஆனால் வாட்ஸ்அப்பிலும் "உட்பிரிவு எண்ணை உள்ளிடவும்" என்று கேட்டால் பெரியப்பா போனைத் திரும்பக் கரிசல்காட்டானிடம்தான் நீட்டுவார். ஓடிபி வேறு யாருடைய நம்பருக்கோ போகும்.

கரிசல்காட்டான்:
ரசீதைத் தேடச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று, பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் சீல் இல்லை என்று திருப்பி அனுப்புவார்களா?

நஞ்சைபுஞ்சை:
சீல் தேவையில்லை. தாளிலேயே குறிப்பு எண் இருக்கும், அதை இசர்வீசஸ் தளத்தில் போட்டு அவர்களே சரிபார்க்கலாம். கடனுக்கு அடங்கலும் (நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கணக்கு) கேட்பார்கள், அதற்கு வி.ஏ.ஓ.விடம் போக வேண்டியிருக்கும், அப்போதே புது எண்ணையும் கேட்டு வாங்கிவிடுங்கள்.