மறுபடியும் ஆபீஸ்: மனசு ஒத்துக்கொண்டுவிட்டது, உடம்புதான் அடம்பிடிக்கிறது

எல்லோரும் ஆபீஸுக்கு வந்தாக வேண்டும் என்று எங்களுக்கும் மெயில் வந்து சில மாதங்கள் ஆகின்றன. முதலில் வாரம் மூன்று நாள் என்றார்கள், அப்புறம் சத்தமில்லாமல் அதை ஐந்தாக்கிவிட்டார்கள். அது நியாயமா இல்லையா என்ற சண்டையை இங்கே வைத்துக்கொள்ள வேண்டாம். போய்த்தான் ஆக வேண்டும் என்று ஆன பிறகு அன்றாடப் பழக்கங்களில் எதை எப்படி மாற்றினீர்கள், எது மாறவே மாட்டேன் என்று நின்றது, அதை மட்டும் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

கொரோனாவை உலகப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2020 மார்ச் 11. அவசரநிலை முடிந்தது என்று சொன்னது 2023 மே 5. நடுவில் மூன்று வருடத்துக்கு மேல், எங்களைப் போன்றவர்களுக்கு அதற்குப் பிறகும் கொஞ்ச காலம். அவ்வளவு நாள் தன் இஷ்டத்துக்கு இருந்த உடம்பு ஒரு மெயிலைப் படித்துவிட்டு மாறிக்கொள்ளும் என்று யார் நினைத்தார்களோ தெரியவில்லை.

உடுப்பை ராத்திரியே எடுத்து வை, பையைக் கதவு பக்கத்தில் வை, அலாரத்தைக் கைக்கு எட்டாத தூரத்தில் வை என்று எல்லோரும் சொல்கிறார்கள். சரிதான், ஆனால் அதெல்லாம் சுலபம். யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன், முகம் சுளிக்காதீர்கள்: காலைக்கடன். வீட்டில் இருந்தபோது இரண்டாவது காபிக்குப் பிறகு, இரண்டு மீட்டிங்குக்கு நடுவில், எப்போது தோன்றுகிறதோ அப்போது போனோம். இப்போது அதே நேரத்தில் நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கிறேன், உடம்புக்கு அது புரியவில்லை. சாப்பாடு வயிற்றில் இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்கும், காலையில் அந்த அசைவு பலமாகவே இருக்கும் என்பது மருத்துவர்கள் சொல்லும் விஷயம். அதனால் நான் பல் தேய்த்த கையோடு சூடாக எதையாவது குடித்து, கொஞ்சம் சாப்பிட்டு, அப்புறம்தான் குளியல் என்று வரிசையை மாற்றினேன். முன்பெல்லாம் கிளம்புகிற அவசரத்தில் கடைசியாக இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு ஓடுவேன், அதுதான் பாதி வழியில் வயிற்றைக் கலக்கியிருக்கிறது. சாப்பிடுவதற்கும் கிளம்புவதற்கும் நடுவில் நிதானமாக இடைவெளி விட்டதும் ஒரு வழியாக ஒழுங்குக்கு வந்தது. காலையில் சீக்கிரம் எழுவதற்கு இதைவிட நல்ல காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

எழுவது என்றதும் அடுத்த சிக்கல். வார நாட்களில் ஒழுங்காக எழுந்துவிட்டு சனி, ஞாயிறில் மூன்று மணி நேரம் சேர்த்துத் தூங்குவதற்கு ஜெர்மனியில் டில் ரோனபெர்க் என்ற ஆய்வாளரும் அவர் குழுவும் 2006-ல் சமூக ஜெட் லாக் என்று பெயர் வைத்தார்கள். எங்கேயும் பறக்காமலேயே உடம்பின் கடிகாரம் வேறு நேரத்துக்குப் போய்விட்டு திங்கட்கிழமை காலையில் இழுத்துவரப்படுகிறது. எனக்கு அது அப்படியே பொருந்தியது, திங்கள் மட்டுமில்லை, செவ்வாயும் மந்தமாகவே போகும். இப்போது ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம்தான் சலுகை. படுக்கும் நேரத்தை ஒரே ராத்திரியில் முன்னால் இழுக்க முடியாது, சும்மா விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்க வேண்டியதுதான். எழும் நேரத்தைப் பிடித்துவைத்தால் தூக்கம் தானாகப் பின்னால் வருகிறது. கூடவே காலையில் கொஞ்ச தூரம் வெட்டவெளியில் நடக்கிறேன். மேகமூட்டமான நாளிலும் வெளியே ஆயிரக்கணக்கான லக்ஸ் வெளிச்சம் இருக்கும், ஆபீஸ் மேசைக்கு வைக்கிற அளவு 500 லக்ஸ் போலத்தான். உடம்பின் கடிகாரம் இந்த வெளிச்சத்தைப் பார்த்துத்தான் தன்னைத் திருத்திக்கொள்கிறது.

மதியத் தூக்கத்தைப் பற்றி என்ன சொல்ல. வீட்டில் கேமராவை அணைத்துவிட்டுப் பதினைந்து நிமிடம் சாய்ந்தால் போதும், மிச்ச நாள் ஓடிவிடும். ஆபீஸில் அது நடக்காது. நிறைய சாப்பிட்டதால்தான் தூக்கம் என்று நினைத்து அரை வயிறு சாப்பிட்டும் பார்த்தேன், பசியோடு சேர்ந்து தூக்கமும் வந்தது. சாப்பிடாவிட்டாலும் பிற்பகலில் ஒரு சரிவு வருவது உடம்பின் இயல்பாம். அதனால் அந்த நேரத்துக்குத் தனியாகப் படிக்கிற, கணக்குப் பார்க்கிற வேலையை வைப்பதில்லை. யாரிடமாவது நேரில் போய்ப் பேச வேண்டியதை எல்லாம் அங்கே தள்ளுகிறேன். நாலு மணி காபியையும் விட்டுவிட்டேன். காஃபீனில் பாதி உடம்பைவிட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும் என்றால், நாலு மணி காபியில் பாதி ஒன்பது மணிக்கும் உள்ளே உட்கார்ந்திருக்கிறது, அப்புறம் எங்கே சீக்கிரம் தூங்குவது.

ஆனால் இதையெல்லாம்விட என்னைக் களைக்க வைத்தது என் முகம். வீட்டில் யாராவது மீட்டிங்கில் அபத்தமாகப் பேசினால் கண்ணை உருட்டலாம், தலையில் அடித்துக்கொள்ளலாம், கொட்டாவி விடலாம். இங்கே ஒன்பது மணி நேரம் முகத்தை ஒரு மாதிரி பிடித்து வைத்திருக்க வேண்டியிருக்கிறது. மெயிலை வாய்விட்டுப் படிக்கும் பழக்கம் வேறு வந்துவிட்டது எனக்கு. பக்கத்து சீட்காரர் திரும்பி, "என்னையா கூப்பிட்டீங்க?" என்று கேட்கிறார், தினமும். இதற்கு இன்னும் வழி தெரியவில்லை, தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

* * *

வாய்விட்டுப் படிப்பதற்கு வழி தெரியாது, ஆனால் முகத்துக்கு ஒரு வழி உண்டு. நான் மதியம் சாப்பிட்ட பிறகு யாரோடும் சேராமல் தனியாகப் போய்விடுவேன், மாடிப்படி, பார்க்கிங், எங்கே ஆள் இல்லையோ அங்கே. முதல் வாரம் "என்ன, எங்ககூட வரமாட்டீங்களா?" என்று கேட்டார்கள். இரண்டாவது வாரம் கேட்கவில்லை. கர்வம் பிடித்தவள் என்று யாராவது நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும், அந்த இருபது நிமிடம் இல்லாவிட்டால் சாயங்காலம் வீட்டில் இருப்பவர்கள்மேல்தான் எரிந்து விழுவேன்.

என் பிரச்சினை குளிர். வீட்டில் மின்விசிறியைக் கூட்டுவதும் குறைப்பதும் நம் கையில். ஆபீஸில் ஏசி ரிமோட் எங்கே இருக்கிறது என்பதே ரகசியம். பெண்கள் எல்லாம் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருக்கிறோம், இரண்டு வரிசை தள்ளி ஒருவர் கையை மடித்துவிட்டுக்கொண்டு "புழுக்கமா இருக்குல்ல?" என்கிறார். 2015-ல் நேச்சர் கிளைமேட் சேஞ்ச் இதழில் வந்த ஒரு கட்டுரை இதைப் பற்றித்தான்: கட்டிடங்களில் எவ்வளவு குளிர் வேண்டும் என்பதற்கான கணக்கு 1960-களில் போடப்பட்டது, அதில் உடம்பு எவ்வளவு வெப்பம் உண்டாக்கும் என்பதை ஒரு சராசரி ஆணை வைத்து முடிவு செய்திருக்கிறார்கள் என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்த பிறகு குளிர் குறையவில்லை, ஆனால் எனக்குத்தான் ஏதோ உடம்பு சரியில்லை என்ற நினைப்பு போய்விட்டது. ஒரு சால்வையை டிராயரிலேயே வைத்துவிட்டேன், வீட்டுக்கு எடுத்துப் போவதே இல்லை. அப்புறம், தண்ணீர்! குளிரில் தாகமே எடுக்காது, மாலையில் தலைவலி வந்த பிறகுதான் பாட்டில் நிரம்பியபடியே இருப்பது கண்ணில் படும். சாப்பாட்டுக்கு முன்னால் ஒரு பாட்டில், கிளம்புவதற்குள் இன்னொன்று என்று வைத்ததில் தலைவலி பெரும்பாலும் நின்றுவிட்டது.

* * *

சத்தத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லையே. எங்கள் ஆபீஸில் தடுப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒரே கூடமாக்கி வைத்திருக்கிறார்கள், எல்லோரும் கலந்து பேச வேண்டுமாம். நடப்பது என்ன தெரியுமா, எல்லோரும் ஹெட்செட் போட்டுக்கொண்டு பக்கத்து மேசைக்காரருக்கே சாட்டில் மெசேஜ் அனுப்புகிறோம். எங்களுக்கு மட்டும் இப்படி இல்லை போல. ஈதன் பெர்ன்ஸ்டைன், ஸ்டீபன் டர்பன் என்ற இருவர் திறந்த அலுவலகத்துக்கு மாறிய இரண்டு பெரிய நிறுவனங்களில் ஆட்களுக்கு சென்சார் மாட்டி அளந்து 2018-ல் வெளியிட்டார்கள்: நேருக்கு நேர் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்து, மெயிலும் மெசேஜும் கூடியிருந்தன.

ஹெட்செட் போட்டவர்கள் கத்துவதும் வேண்டுமென்றே செய்வதில்லை. சுற்றிலும் இரைச்சல் கூடினால் நம் குரல் தானாக உயரும் என்பதை எத்தியேன் லோம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911-லேயே எழுதிவிட்டார், லோம்பார் விளைவு என்றே அதற்குப் பெயர். ஒருவர் குரல் உயர்ந்தால் அடுத்தவர் குரலும் உயரும், பதினொரு மணிக்கெல்லாம் எங்கள் கூடம் மீன் சந்தை மாதிரி ஆகிவிடும். எனக்கு எதிரே இருப்பவரிடம் ஒருநாள் தயங்கித் தயங்கி, "சார், தப்பா எடுத்துக்காதீங்க, ஹெட்செட்டில் ஒரு காதை மட்டும் திறந்து வைத்துப் பேசிப் பாருங்களேன்" என்றேன். தன் குரல் தன் காதில் விழுந்ததும் அவரே பாதியாகக் குறைத்துவிட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன், மாறாக "வீட்டிலும் இதையே சொல்றாங்க" என்று சிரித்தார்.

நான் மாற்றிக்கொண்ட பழக்கம் வேலை வரிசைதான். வீட்டில் கவனம் தேவைப்படும் வேலையை மதியத்துக்கு வைத்திருந்தேன். ஆபீஸில் கூட்டம் சேர்வதற்கு முன்னால் முக்கால் மணி நேரம் முன்னதாகப் போய் அதை முடிக்கிறேன், மிச்ச நாளில் என்ன நடந்தாலும் நடக்கட்டும். கிளம்புவதும் முக்கால் மணி முன்னதாக. அதில் நான் உறுதி. ஆரம்பத்தில் பார்வைகள் வந்தன. முன்னதாக வருவது யார் கண்ணிலும் படாது, முன்னதாகக் கிளம்புவது எல்லோர் கண்ணிலும் படும். அதற்குத்தான் காலையில் போனதும் ஒரு மெயில் அனுப்பிவிடுவேன், நேரம் அதிலேயே இருக்கும்.

* * *

எல்லோரும் புலம்புகிறீர்கள், நான் மட்டும் எதிர்ப்பக்கம். எனக்கு ஆபீஸ் போவது பிடித்திருக்கிறது. வீட்டில் வேலை எப்போது முடிந்தது என்றே தெரியாமல் இருந்தது, ராத்திரி சாப்பிட உட்கார்ந்தாலும் லேப்டாப் பக்கத்தில் திறந்திருக்கும். இப்போது வண்டி ஏறினால் முடிந்தது. போக வர ஆகும் நேரம் வீண் என்று எல்லோரும் சொல்கிறார்கள், எனக்கு அந்த நேரத்தில்தான் வேலை தலையைவிட்டு இறங்குகிறது. சேசரே மார்ச்செட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் 1994-ல் எழுதிய கட்டுரையில் மனிதர்கள் எந்தக் காலத்திலும் நாளைக்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான் பயணத்துக்கு ஒதுக்குகிறார்கள் என்று சொல்லியிருக்கிறார், வேகமான வண்டி வந்தால் இன்னும் தள்ளிக் குடிபோகிறார்களாம். ஒரு மணி நேரம் என்றால் எனக்கும் சம்மதம். இரண்டரை மணி நேரம் நெரிசலில் நிற்பவர்களிடம் போய் இதைச் சொல்ல மாட்டேன், அது வேறு கதை.

எனக்குக் கஷ்டமாக இருந்தது வீட்டு வேலைதான். துணி துவைக்கப் போடுவது, அடுப்பில் எதையாவது ஏற்றி வைப்பது, பார்சல் வாங்குவது எல்லாம் வேலைக்கு நடுவில் தன்போக்கில் நடந்துகொண்டிருந்தன, யாரும் அதை ஒரு வேலையாகவே எண்ணவில்லை. ஆபீஸ் போக ஆரம்பித்ததும் மொத்தமும் சாயங்காலத்தில் வந்து குவிந்தது. எங்கள் வீட்டில் இதற்காக இரண்டு பெரிய சண்டை வந்தது. அப்புறம் உட்கார்ந்து, வீட்டில் யார் யார் என்னென்ன செய்கிறோம் என்று ஒரு தாளில் எழுதிப் பார்த்தோம். பட்டியலின் நீளத்தைப் பார்த்த பிறகு என் கணவர் வாதாடவில்லை. பழக்கத்தை மாற்றுவது ஆபீஸ் போகிறவர் மட்டும் செய்கிற காரியமில்லை, வீட்டிலிருக்கும் எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு, நாய் உள்பட. எங்கள் நாய் முதல் நாட்களில் கதவைப் பிறாண்டித் தள்ளிவிட்டது. பத்து நிமிடம், அரை மணி என்று வெளியே போய்ப் போய் வந்து பழக்கினோம்.

* * *

இழையை ஆரம்பித்தவன்தான். நாய்க்குச் செய்ததை நமக்கும் ஆபீஸில் செய்திருக்கலாம் என்று தோன்றுகிறது, படிப்படியாக. இதெல்லாம் எத்தனை நாளில் பழகும் என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். 21 நாள் கணக்கை நம்பாதீர்கள். லண்டனில் பிலிப்பா லாலி என்பவர் குழு 96 பேரை வைத்துப் பார்த்ததில் ஒரு செயல் யோசிக்காமலே நடக்கும் நிலைக்கு வர சராசரியாக 66 நாள் ஆகியிருக்கிறது, ஆளுக்கு ஆள் 18-லிருந்து 254 வரை போகிறது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் ஒன்றும் கெட்டுவிடாது என்பதும் அதிலேயே இருக்கிறது. ஆகவே இரண்டாவது வாரத்திலேயே "எனக்கு இது ஒத்துவராது" என்று முடிவு கட்ட வேண்டாம், மூன்றாவது மாதம் யோசியுங்கள்.

வாய்விட்டுப் படிப்பது இன்னும் நிற்கவில்லை. பக்கத்து சீட்காரர் பழகிவிட்டார், இப்போது திரும்புவதில்லை.

அடுத்த வாரம் முதல் நாள் போகப்போவதாக எழுதியவருக்கு: மற்றதெல்லாம் போகப் போகச் சரியாகும், ஷூவை மட்டும் இன்றைக்கே எடுத்துப் போட்டு வீட்டுக்குள் ஒரு மணி நேரம் நடந்துவிடுங்கள். வருடக்கணக்கில் வெறுங்காலோடு இருந்த பாதத்துக்குப் பழைய ஷூ கட்டாயம் கடிக்கும், சும்மா வைத்த ஷூவில் அடிப்பாகம் பிய்ந்து வருவதும் உண்டு. குதிகாலில் ஒட்ட இரண்டு பிளாஸ்திரியும் பையில் இருக்கட்டும்.