குடிநீர், கழிமுகம், வெள்ளம்: ஒரே மனுவா, தனித்தனி மனுக்களா?

கேள்வி: எர்ணாவூர்க்காரர்

அனைவருக்கும் வணக்கம். வட சென்னை எர்ணாவூர் பகுதியில் எங்கள் குடியிருப்போர் நலச்சங்கம், சுனாமிக்குப் பின் கட்டப்பட்ட குடியிருப்புகளில் வாழும் பெண்களின் குழு, கழிமுகத்தை ஒட்டிய இரண்டு குப்பங்களின் ஊர்ப் பஞ்சாயத்துகள் ஆகிய மூன்று தரப்பினரும் சேர்ந்து அரசிடம் கோரிக்கை வைப்பதென்று பேசி முடித்திருக்கிறோம். சேர்வதில் தடையில்லை, எதை முதலில் எழுதுவது என்பதில்தான் இழுபறி.

பெண்கள் குழுவுக்குக் குடிநீர்தான் பெருங்கவலை. குழாயில் முதலில் வரும் தண்ணீர் சாக்கடை வாடை அடிக்கிறது. தண்ணி லாரி வராத நாளில் கேன் தண்ணீரை விலை கொடுத்து வாங்க வேண்டியிருக்கிறது. கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரம் மணல் மேடிட்டுப் போவதையும், அனல்மின் நிலையச் சாம்பல் கழிமுகத்தின் அடியில் படிந்து கிடப்பதையும் முதலில் எழுத வேண்டும் என்கிறார்கள் குப்பத்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெயும் தெருவுக்குள் வந்ததை எங்கள் சங்கத்தார் மறக்கவில்லை; அவர்களுக்கு வடிகாலே பெரிது.

மனக்கசப்பு ஒன்றும் இடையில் நிற்கிறது. அந்த எண்ணெய்க் கசிவுக்கு அரசு அறிவித்த நிவாரணத்தில் 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், பாதிக்கப்பட்ட மற்ற 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய் என்று பிரித்திருந்தார்கள். யாருக்கு எந்தக் கணக்கு என்ற பேச்சு எடுத்தால் கூட்டமே கலைந்துவிடுகிறது. இந்த நிலையில் எல்லாவற்றையும் ஒரே மனுவில் எழுதுவது நல்லதா, அவரவர் குறையை அவரவர் எழுதுவது நல்லதா? அனுபவமுள்ளவர்கள் வழிகாட்ட வேண்டும்.

பதில்: வண்ணாரப்பேட்டை வழக்கறிஞர்

ஐயா, கோரிக்கை ஒன்றாக இருக்கட்டும். மனுக்கள் பலவாக இருக்கட்டும். குழாய்த் தண்ணீர் குடிநீர் வாரியத்தின் பொறுப்பு. மழைநீர் வடிகால் மாநகராட்சியின் பொறுப்பு. ஆறும் முகத்துவாரமும் நீர்வளத் துறையைச் சேர்ந்தவை. கழிவைக் கண்காணிப்பது மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் பொறுப்பு. நான்கையும் ஒரே தாளில் எழுதி ஆட்சியரிடம் கொடுத்தால், "உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டது" என்ற ஒரு வரிப் பதிலோடு அது எங்காவது உறங்கிவிடும். எனவே ஒவ்வோர் அலுவலகத்துக்கும் தனி மனு எழுதுங்கள். ஆனால் எல்லாவற்றிலும் முதல் பக்கம் ஒன்றாகவும், கையெழுத்திடுவோர் மூன்று தரப்பினராகவும் இருக்க வேண்டும். குடிநீர் மனுவில் மீனவரும், முகத்துவார மனுவில் குடியிருப்புப் பெண்களும் கையெழுத்திடுவதுதான் கூட்டு முயற்சிக்கு அடையாளம்.

மூன்று தரப்பின் கவலைகளையும் சட்டப்படியே இணைக்கும் ஓர் இடமும் உண்டு. அதைப் பலரும் கவனிப்பதில்லை. 2011-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை, மீனவக் கிராமங்களையும், மீன் காயவைக்கும் இடங்களையும், அவர்களுடைய பொதுச் சொத்துகளையும் கடலோர மேலாண்மைத் திட்ட வரைபடத்தில் குறிக்க வேண்டும் என்கிறது. அதோடு நில்லாமல், மீனவச் சமூகத்தின் நீண்டகால வீட்டுத் தேவை, துப்புரவு உள்ளிட்ட அடிப்படை வசதிகள், பாதுகாப்பு, பேரிடர் ஆயத்தம் ஆகியவற்றுக்கு மாநில அரசு விரிவான திட்டம் தயாரிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. 2019-ஆம் ஆண்டின் அறிவிக்கையிலும் இந்தக் கடமை தொடர்கிறது. அடிப்படை வசதியும் பேரிடர் ஆயத்தமும் ஒரே வாக்கியத்தில் வருவதால், உங்கள் முதல் பக்கத்தை இதிலிருந்தே தொடங்கலாம். அதற்கு முன் உங்கள் குப்பங்கள் வரைபடத்தில் முழுமையாக இருக்கின்றனவா என்று பாருங்கள். வரைபடத்தில் இல்லாத இடத்துக்காக வாதாடுவது கடினம்.

கால வரம்புகளையும் மறக்க வேண்டாம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயச் சட்டம், 2010-இன்படி சுற்றுச்சூழல் அனுமதியை எதிர்த்து மேல்முறையீடு செய்ய 30 நாள், சுற்றுச்சூழல் தொடர்பான பிற வழக்குகளுக்கு ஆறு மாதம், இழப்பீடு கோர ஐந்து ஆண்டு என்று வரம்பு உண்டு. தகுந்த காரணம் காட்டினால் சிறிது கூடுதல் அவகாசம் கிடைக்கலாம். அதை நம்பி இருக்கக் கூடாது. 2023 டிசம்பர் கசிவுக்கான இழப்பீட்டைப் பேசுவோர் இந்த ஐந்தாண்டுக் கணக்கை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

புதிய திட்டங்களுக்கான பொதுமக்கள் கருத்துக்கேட்பும் உங்கள் மேடைதான். 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கைப்படி அதற்கு 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். தாக்க மதிப்பீட்டின் சுருக்க அறிக்கை தமிழில் இருக்க வேண்டும். நடவடிக்கைக் குறிப்பை அங்கேயே தமிழில் படித்துக் காட்ட வேண்டும். நேரில் பேச இயலாதவர் எழுத்தில் கருத்து அனுப்பலாம். காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,110 ஏக்கராக விரிவாக்கும் திட்டத்துக்கான கருத்துக்கேட்பு 2021-லும் 2023-லும் அறிவிக்கப்பட்டுத் தள்ளிவைக்கப்பட்டதற்கு, கடலோர ஊர்கள் கூட்டாகக் காட்டிய எதிர்ப்பு முக்கியமான காரணம்.

பதில்: முகத்துவாரத்தான்

வழக்கறிஞர் ஐயா அலுவலகம் அலுவலகமாகப் பிரித்துச் சொன்னார். தண்ணீர் அப்படிப் பிரிந்து ஓடுவதில்லை. பூண்டி நீர்த்தேக்கத்திலிருந்து திறக்கும் உபரி நீர் கொசஸ்தலை வழியாக வருகிறது; புழல் ஏரியின் உபரிக் கால்வாய் மணலி வழியாக வந்து சடையங்குப்பம் அருகே அதே ஆற்றில் கலக்கிறது; பக்கிங்காம் கால்வாயும் வந்து சேருகிறது. இத்தனைக்கும் கடலுக்குப் போகும் வாசல் எண்ணூர் முகத்துவாரம். அந்த வாசலில் மணல் மேடிட்டு, உள்ளே சாம்பலும் சேறும் ஆழத்தைத் தின்றுவிட்டால், மணலியிலும் எர்ணாவூரிலும் தண்ணீர் வடிய வழி ஏது? தெருவில் எத்தனை கோடிக்கு வடிகால் கட்டினாலும் அது கொண்டுபோய் விடும் இடம் ஆழமாக இருந்தால்தான் பயன். ஆகவே கழிமுகத்தை ஆழப்படுத்துவது மீனவரின் தனிக் கோரிக்கை அன்று. நகரவாசிகளின் வெள்ளத் தடுப்பும் அதுவே. இதை உங்கள் சங்கத்தாருக்கு யாராவது ஒரு முறை படகில் அழைத்துச் சென்று காட்டினால், எந்த மனு முதல் என்ற சண்டையே வராது.

கரையைப் பற்றியும் எழுதுங்கள். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் வடக்கு நோக்கி நகரும் மணலைத் தடுத்ததால் மெரினா அகன்றது. ராயபுரம் முதல் எண்ணூர் வரை எங்கள் கரை அரிக்கப்பட்டது. நகரத்துக்குக் கிடைத்த அழகான கடற்கரைக்கு நாங்கள் கொடுத்த விலை இது என்பதைச் சொல்லாமல் விட வேண்டியதில்லை.

நிவாரணத்தைப் பற்றி நேராகவே சொல்கிறேன். படகுக்கு ஒரு தொகை, குடும்பத்துக்கு ஒரு தொகை என்று பிரித்தது அரசு. நாம் அதை வைத்து ஒருவரையொருவர் கணக்குக் கேட்கிறோம். படகும் வலையும் இல்லாமல், இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிச் சேற்றைத் தடவிக் கையாலேயே இறால் பிடிக்கும் இருளர் குடும்பங்கள் நம் கழிமுகத்தில் உண்டு. மீனவர் சங்க அட்டையையும் படகுப் பதிவையும் வைத்துக் கணக்கெடுத்தால் அவர்கள் எந்தப் பட்டியலில் வருவார்கள்? பழைய தொகையைக் கிளறுவதை விட்டு, அடுத்த கணக்கெடுப்பு தொழிலின் அடிப்படையில், அந்தந்த ஊரார் முன்னிலையில் நடக்க வேண்டும் என்பதைப் பொதுக் கோரிக்கையாக வையுங்கள். அந்த இருளர் குடும்பங்களை நான்காவது தரப்பாகச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பழவேற்காட்டில் பாடு முறை என்று ஒன்று உண்டு. மீன் நன்றாகப் படும் இடத்தை ஒருவரே வைத்துக்கொள்ளாமல் முறை வைத்து மாற்றிக்கொள்வார்கள். கூட்டம் கூட்டும் பொறுப்பையும் அப்படியே முறை வைத்துக் கொடுங்கள். எப்போதும் சங்க அலுவலகத்திலேயே கூட்டினால் குப்பத்துப் பெண்கள் வாசலோடு நின்றுவிடுவார்கள்.

பதில்: ஓய்வுபெற்ற நீர்ப் பொறியாளர்

குடிநீர் மனுவைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "கூடுதல் தண்ணீர் வேண்டும்" என்று எழுதாதீர்கள். அப்படி எழுதினால் புதிய கடல்நீர்ச் சுத்திகரிப்பு ஆலையே விடையாக வரும். காட்டுப்பள்ளியில் 2010 முதல் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் திறனுள்ள ஆலை இருக்கிறது. அங்கே பிரித்தெடுத்த உப்புநீர் மீண்டும் கடலுக்கே போகிறது என்பது மீனவரின் நெடுநாள் முறையீடு. உங்கள் கூட்டணி உடைந்துபோக, "கூடுதல் தண்ணீர்" என்ற அந்த ஒரு வரி போதும். மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் ஆகிய இடங்களின் ஆழ்குழாய்க் கிணறுகளிலிருந்து நகரத்துக்காக அளவுக்கு மீறி உறிஞ்சியதால் மீஞ்சூர்ப் பக்கம் பல கிலோமீட்டர் உள்ளே கடல்நீர் புகுந்ததையும் நாம் பார்த்தவர்கள்தாம்.

உங்களுக்கு வேண்டியது பழைய குழாயை மாற்றுவதும், சாக்கடைக் குழாயிலிருந்து குடிநீர்க் குழாயைப் பிரிப்பதும். அதற்குச் சான்று தேவை. இந்தியத் தர அளவு 10500-இன்படி 100 மில்லிலிட்டர் குடிநீரில், கழிவு கலந்திருக்கலாம் என்று காட்டும் கோலிபார்ம் கிருமி அறவே இருக்கக் கூடாது. எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டும். கரைந்த உப்பு 500 மில்லிகிராமுக்குள் இருப்பது நல்லது, வேறு நீர் இல்லாத இடத்தில் 2,000 வரை பொறுக்கலாம். தெருவின் கடைசி வீட்டுக் குழாயில், தண்ணீர் விட்டவுடன் வரும் நீரையும் சிறிது நேரம் கழித்து வரும் நீரையும் தனித்தனியே பிடியுங்கள். முதல் நீர் மட்டும் கெட்டிருந்தால் கசிவு அருகில் இருக்க வாய்ப்பு அதிகம். பரிசோதனைக் கூடத்திலிருந்து பெற்ற கிருமி நீக்கிய புட்டியில் பிடித்து, பனிக்கட்டியில் வைத்து அன்றே சேர்ப்பியுங்கள். கிண்டி கிங் ஆய்வகத்தில் நீர்ப் பரிசோதனை செய்கிறார்கள்.

வழக்கறிஞரோடு ஒரே ஓர் இடத்தில் மாறுபடுகிறேன். நான்கு துறைக்கு நான்கு மனு கொடுத்தால் ஒவ்வொன்றும் மற்றொன்றைக் கைகாட்டும். அரசுப் பணியில் இருந்தபோது நானும் அப்படிக் கைகாட்டும் கடிதங்களை நிறையப் பார்த்தவன். எனவே நான்கு மனுக்களிலும் கடைசிக் கோரிக்கையாகக் கூட்டுக் கள ஆய்வைக் கேளுங்கள். நான்கு துறைப் பொறியாளர்களும் ஒரே நாளில் வந்து ஒரே குறிப்பில் கையெழுத்திட வேண்டும்.

கேள்வி கேட்டவர்: எர்ணாவூர்க்காரர்

மூவருக்கும் நன்றி. முதல் பக்கத்தைப் பொதுவாக வைத்து நான்கு மனுக்கள் எழுதுவதென்றும், அடுத்த கூட்டத்தைக் குப்பத்தில் கூட்டுவதென்றும் எங்கள் தரப்பில் பேசியிருக்கிறேன். கூட்டு ஆய்வுக்குத் துறைகள் வராவிட்டால் என்ன செய்வது?

பதில்: வண்ணாரப்பேட்டை வழக்கறிஞர்

பொறியாளர் ஐயாவின் திருத்தம் சரியானது; ஏற்றுக்கொள்கிறேன். வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் நான்கு துறைகளிடமும் ஒரே நாளில் கேளுங்கள்: எங்கள் மனு எந்த அலுவலரிடம் இருக்கிறது, அதன்மேல் எழுதப்பட்ட குறிப்புகள் என்ன, கடைசியாக எப்போது முகத்துவாரம் தூர்வாரப்பட்டது, எங்கள் தெருக் குழாய் எந்த ஆண்டு பதிக்கப்பட்டது. முப்பது நாளுக்குள் பதில் தர வேண்டும். வந்த பதில்களை உங்கள் வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில் கவுன்சிலர் முன்னிலையில் படித்து, நடவடிக்கைக் குறிப்பில் சேர்க்கும்படி எழுத்தில் கேளுங்கள். பின்னாளில் தீர்ப்பாயத்துக்குப் போக நேர்ந்தால் அந்தக் குறிப்பும், பொறியாளர் சொன்ன பரிசோதனை அறிக்கைகளும் உங்களுக்குச் சான்றாக உதவும். ஒவ்வொரு தாளுக்கும் இரண்டு நகல் எடுத்து, ஒன்றைக் குப்பத்துப் பஞ்சாயத்தில் வையுங்கள்.