திருகோணமலையில் இருந்து ஆற்றுப் பயணம்: எங்கே போகலாம்?

நிலாவெளிக்காரன்: கனடாவில் இருந்து மச்சான் குடும்பம் ஆகஸ்டில் வருது. கோணேஸ்வரம், கன்னியா வெந்நீரூற்று, புறாமலை எல்லாம் சரி, பிள்ளைகளுக்கு ரப்பர் படகில் ஆற்றுப் பாய்ச்சலில் போகவேண்டுமாம். பக்கத்தில் எங்கேயாவது இருக்கா?

மூதூர் அக்கா: பக்கத்தில் இல்லை தம்பி. மகாவலி 335 கிலோமீட்டர் ஓடி நம்ம கொட்டியாரக் குடாவுக்கு வரும்போது களைத்துப்போய்த்தான் வரும், பாறையும் இல்லை பாய்ச்சலும் இல்லை. முதலை மட்டும் இருக்கு, அதனால் கண்ட இடத்தில் குளிக்க விடாதீங்க. பாய்ச்சல் வேண்டும் என்றால் கித்துல்கல என்ற ஊர்தான், அங்கே ஓடுவது களனி கங்கை என்ற ஆறு. கண்டி, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாகப் போகலாம், ஆனால் ஒரே நாளில் போய்வருவது வீண் அலைச்சல், இரவு தங்கிவிடுங்க.

மலைநாட்டான்: ஆகஸ்டில் அங்கே தென்மேல் பருவமழை, உங்களுக்கு இங்கே கடல் அமைதியான காலம், இரண்டையும் ஒன்றாக நினைக்காதீங்க. மழை கூடினால் ஆறு சீறும், அன்றைக்கு ஓட்டமாட்டார்கள். மேலே நீர்மின் அணைகள் இருப்பதால் திறந்துவிடும் தண்ணீரைப் பொறுத்தும் மட்டம் மாறும். முதல் நாள் மாலையே போன் பண்ணிக் கேளுங்க. லைஃப் ஜாக்கெட்டும் ஹெல்மெட்டும் தராத ஆளிடம், விலை எவ்வளவு குறைவானாலும், ஏறவே வேண்டாம்.

நிலாவெளிக்காரன்: மாமிக்கு முழங்கால் வலி, அவவை என்ன செய்யிறது?

மூதூர் அக்கா: வெருகல் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போங்க. ஆற்றங்கரைதான், அதுவும் மகாவலியின் கிளைதான்.