குளிர்காலப் போர் ஆட்டம்: ஃபின்லாந்துப் பக்கம் எப்படித் தாக்குப்பிடிப்பது?

பகடைப்பித்தன்:
வணக்கம். நானும் என் தம்பியும் மூன்று மாதமாக 1939-40 ஃபின்லாந்து-சோவியத் போரை ஆடிக்கொண்டிருக்கிறோம். அறுகோணக் கட்டம் போட்ட வரைபடம், அட்டை யூனிட்கள், ஒரு டர்ன் என்றால் ஒரு வாரம், மொத்தம் 15 டர்ன். அதற்குள் வீபுரி நகரத்தைப் பிடித்தால் சோவியத்துக்கு வெற்றி, இல்லாவிட்டால் ஃபின்லாந்துக்கு. ஃபின்லாந்து எப்போதும் நான்தான். ஐந்து ஆட்டத்திலும் தோற்றுவிட்டேன், ஒன்றுகூட 10வது டர்னைத் தாண்டவில்லை. எல்லையிலேயே வரிசையாக நிறுத்துகிறேன், அவன் மூன்றுக்கு ஒன்று என்று ஆளைக் குவித்து ஒவ்வொரு கட்டமாக உடைத்துக்கொண்டு வருகிறான், எனக்கோ டர்னுக்கு ஒரே ஒரு யூனிட்தான் புதிதாகக் கிடைக்கிறது. போன முறை பொறுக்காமல் 4வது டர்னில் கரேலியப் பூசந்தியில் (லடோகா ஏரிக்கும் ஃபின்லாந்து வளைகுடாவுக்கும் இடையில் உள்ள குறுகிய நிலம்) இருப்பதையெல்லாம் திரட்டித் திருப்பி அடித்தேன், ஆட்டம் இன்னும் சீக்கிரம் முடிந்தது. பலவீனமான பக்கத்துக்கு இதில் உண்மையாகவே வழி இருக்கிறதா?

ஏரிக்கரை:
இருக்கிறது. ஆனால் முதலில் எல்லையை விட்டுவிடுங்கள். உங்களிடம் தாராளமாகச் செலவழிக்க இருப்பது நிலம் ஒன்றுதான், ஆள் கிடையாது. நிஜப் போரிலும் பூசந்தியில் எல்லையோரம் இருந்த படைகள் தாமதப்படுத்திக்கொண்டே பின்வாங்கி, முதல் ஒரு வாரத்திலேயே மன்னர்ஹைம் கோட்டுக்கு, அதாவது பூசந்தியின் குறுக்கே ஃபின்லாந்து அமைத்திருந்த தற்காப்பு வரிசைக்கு, வந்துவிட்டன. சாலை சந்திக்கும் கட்டத்தில் ஒரு சின்ன யூனிட் வையுங்கள். அதைக் கண்டு அவன் நின்று, ஆளைக் கூட்டி, தாக்கத் தயாராவதற்குள் ஒரு டர்ன் போய்விடும். அடி விழுவதற்கு முன்பே அடுத்த சந்திக்கு நகர்ந்துவிடுங்கள்.

அப்புறம் கோட்டுக்கு வந்ததும் நில்லுங்கள். மன்னர்ஹைம் கோடு என்றதும் பெரிய கான்கிரீட் மதில் என்று நினைக்கிறார்கள். பதுங்கு அரண்கள் அங்கங்கே இருந்தன, மற்றபடி பெரும்பாலும் அகழியும் மரக்கட்டை அடுக்கிய தங்குமிடமும்தான். அதன் பலம் ஏரிகளுக்கும் ஆறுகளுக்கும் இடையில் அமைந்ததில் இருந்தது. அதனால் தாக்க வருபவன் குறுகலான இடங்களில் வந்து நெரிசல்பட்டான். லடோகா ஏரிப் பக்கம் தைப்பாலே என்ற முனை போர் முடியும்வரை விழவே இல்லை. உங்கள் வரைபடத்திலும் நீர் எங்கே ஓடுகிறது என்று பார்த்து அதன் பின்னால் நில்லுங்கள்.

உங்கள் 4வது டர்ன் எதிர்த்தாக்குதலை வரலாற்றிலும் செய்தார்கள், ஏறக்குறைய அதே வாரத்தில், டிசம்பர் 23 அன்று. பீரங்கியும் தகவல் தொடர்பும் போதாமல் அன்றைக்கே நிறுத்த வேண்டியதாயிற்று. பூசந்தியில் திருப்பி அடிக்கும் ஆசையே வேண்டாம்.

ராட்டே சாலை:
ஏரிக்கரை சொன்னது பூசந்திக்குச் சரி. ஆனால் நீங்கள் அடிக்கவே கூடாது என்பதில்லை, அடிக்க வேண்டிய இடம் வடக்கு. அங்கே காடு, முழங்காலுக்கு மேல் பனி, ஒரே ஒரு சாலை. சோவியத் டிவிஷன் (பல ஆயிரம் வீரர்கள் கொண்ட படைப்பிரிவு) எவ்வளவு பெரியதாக இருந்தாலும் அந்தச் சாலையில் நீண்டு கிடக்கும், பக்கவாட்டில் இறங்கிச் சண்டை போட அவர்களால் முடியாது. வடக்கே சுவோமுஸ்ஸால்மி என்ற ஊரில் ஃபின்லாந்தின் கர்னல் சீலாஸ்வுவோ முதலில் ஊருக்குள் இருந்த 163வது டிவிஷனை உடைத்தார். அதற்கு உதவிக்கு வந்த 44வது டிவிஷன் ராட்டே சாலையில் நின்றுபோயிருந்தது. ஜனவரி முதல் வாரத்தில் அதைத் துண்டு துண்டாக வெட்டினார்கள். பனிச்சறுக்கில் போன வீரர்கள் சமையல் வண்டிகளைத் தேடித் தேடி அடித்தார்கள் என்பதை யோசித்துப் பாருங்கள், அந்தக் குளிரில் சூடான சோறு இல்லாவிட்டால் டாங்கி இருந்து என்ன பயன்!

ஆட்டத்தில் இதைச் செய்வது எளிது. நேருக்கு நேர் மோதாமல், உங்கள் பனிச்சறுக்கு யூனிட் இரண்டைப் பின்னால் கொண்டுபோய்ச் சாலையை மறித்து சப்ளையை வெட்டுங்கள். இரண்டு டர்ன் பட்டினி போட்ட பிறகு தாக்குங்கள். இப்படிச் சுற்றி வளைக்கப்பட்ட கூட்டத்துக்கு மொட்டி என்று பெயர், வெட்டி அடுக்கிய விறகை அளக்கும் சொல் அது.

ஒரே ஒரு எச்சரிக்கை. எல்லா மொட்டியையும் தின்னப் பார்க்காதீர்கள். லடோகாவுக்கு வடக்கே கிதிலாவில் இருந்த பெரிய மொட்டி கடைசிவரை சரணடையவில்லை, அதைச் சுற்றி நின்ற ஃபின்லாந்துப் படையும் அங்கேயே முடங்கியது. டாங்கியோடு தோண்டி உட்கார்ந்திருக்கும் கூட்டத்தை விட்டுவிட்டு, பலவீனமானதை முடித்ததும் அந்த ஆட்களை உடனே வேறு முனைக்கு அனுப்புங்கள். நான் இதைக் கற்றுக்கொள்ள நாலு ஆட்டம் ஆனது.

ஏரிக்கரை:
ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பிப்ரவரியைப் பற்றிப் பேசாமல் விட்டால் அவர் மறுபடி தோற்பார். ஜனவரியில் சோவியத் தளபதி திமொஷென்கோ பொறுப்பேற்று, ஒரு மாதம் பீரங்கியைக் குவித்து, பிப்ரவரி 11 அன்று ஸும்மா பகுதியில் கோட்டை உடைத்தார். உங்கள் கணக்கில் அது 11வது டர்ன். ஃபின்லாந்துத் தலைமைத் தளபதி மன்னர்ஹைம் 15ஆம் தேதி அடுத்த கோட்டுக்குப் பின்வாங்க அனுமதித்தார், அதாவது 12வது டர்ன் தொடக்கம். என் அனுபவத்தில் அந்த ஒரு டர்ன் தாமதம்தான் நம்மைக் கொல்கிறது. கோடு உடைகிறது என்று தெரிந்தால் அந்த டர்னிலேயே மொத்த வரிசையையும் பின்னால் எடுத்துவிடுங்கள். 6வது டர்னில் இருந்தே மூன்று யூனிட்டை வீபுரிக்கு முன்னால் தொடாமல் வைத்திருந்தால்தான் அது நடக்கும்.

பகடைப்பித்தன்:
மிக்க நன்றி. நேற்று இரவு ஆடினோம். எல்லையை விட்டேன், வடக்கில் 7வது டர்னில் ஒரு டிவிஷன் முழுதாக விழுந்தது, தம்பி முகத்தைப் பார்க்க வேண்டும்! 11இல் பின்வாங்கினேன். ஆனாலும் 14வது டர்னில் தோற்றேன். கடல் உறைந்துவிட்டதால் அவன் வளைகுடா மேலேயே நடந்து வந்து வீபுரிக்குப் பின்பக்கம் ஏறிவிட்டான். அங்கே ஒரு யூனிட்கூட வைக்கவில்லை.

ராட்டே சாலை:
நிஜப் போரில் சோவியத் படைகள் அதையும் அப்படியே செய்தார்கள், மார்ச் தொடக்கத்தில், உறைந்த வீபுரி வளைகுடாவின் மேல். சண்டை நின்றபோது நகரம் இன்னும் முழுதாக விழவில்லை, ஆனால் மேற்குக் கரையில் அவர்கள் கால் ஊன்றிவிட்டார்கள். 12வது டர்னிலேயே இரண்டு யூனிட்டைக் கரைக்கு அனுப்புங்கள். பலமானவை வேண்டியதில்லை, பனி மேல் வருபவனுக்கு மறைவிடம் கிடையாது. வடக்கில் முடித்த பனிச்சறுக்கு ஆட்களை ரயிலில் இறக்கினால் சரியாக வந்து சேர்வார்கள்.