நியூ ஜெர்சியின் கரடிகளும் கொள்ளிடப் படுகையின் பன்றிகளும்: வேட்டை அனுமதி கேட்டு மனுக் கொடுக்கலாமா?

கேள்வி: கொள்ளிடக்கரை

அனைவருக்கும் வணக்கம். திருவையாறு வட்டத்தில், கொள்ளிடப் படுகையில் கரும்பும் வாழையும் பயிரிட்டு வருகிறேன். சில ஆண்டுகளாகக் காட்டுப்பன்றிகள் இரவில் கூட்டமாக இறங்கி வாழைக்கிழங்கைத் தோண்டித் தின்பதும், கரும்பை அடியோடு சாய்த்துவிட்டுப் போவதும் வழக்கமாகிவிட்டது. வனத்துறை சுடுவது மட்டும் போதாது, உரிமம் பெற்றவர்கள் ஆண்டுதோறும் வேட்டையாட அரசு அனுமதிக்க வேண்டும் என்று எங்கள் ஊர் விவசாயிகள் மனு எழுதிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் குடியிருப்புகளுக்குள் வரும் கருங்கரடிகளை இப்படித்தான் கட்டுக்குள் வைத்திருக்கிறார்கள் என்று அங்கிருக்கும் என் தங்கை மகன் சொன்னதையும் அதில் சான்றாகச் சேர்க்க எண்ணுகிறார்கள். கையெழுத்திடும் முன், அங்கே உண்மையில் நடப்பது என்ன, அது நம் படுகைக்குப் பொருந்துமா என்பதை விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றாக இருக்கும்.

பதில் 1: மாயவரத்துக்காரன்

ஐயா, வணக்கம். எனக்குச் சொந்த ஊர் மயிலாடுதுறை. இப்போது நியூ ஜெர்சியின் வடமேற்கே, கரடிகள் மிகுந்த சசெக்ஸ் மாவட்டத்தில் வசிக்கிறேன். மக்கள் நெருக்கத்தை வைத்துப் பார்த்தால் உங்கள் ஊராரின் ஒப்பீடு தவறில்லை. அமெரிக்க மாநிலங்களிலேயே மிக நெருக்கமான இங்கே ஒரு சதுர கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 480 பேர் வாழ்கிறார்கள். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக்கு இது 555. ஆனால், வேட்டையால்தான் கரடிகள் அடங்கியிருக்கின்றன என்பது பாதிக் கதை.

கரடிகள் மிகவும் அருகிவிட்டதால் 1971இல் இங்கே வேட்டை நிறுத்தப்பட்டது. கைவிடப்பட்ட பண்ணை நிலங்கள் மீண்டும் காடாகிக்கொண்டிருந்த காலம் அது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவிலிருந்தும் கரடிகள் வந்துகொண்டிருந்தன. அவை பெருகிய பிறகு 2003இலும் 2005இலும் வேட்டை நடந்தது. 2010 முதல் 2020 வரை ஆண்டுதோறும் நடந்தது. இடையில், 2018இல், மாநில அரசுக்குச் சொந்தமான நிலங்களில் கரடி வேட்டைக்கு ஆளுநர் தடை விதித்தார். 2021இல் வேட்டையே இல்லை. கரடிகளைப் பற்றிய புகார்கள் கூடிவிட்டன என்று காரணம் காட்டி 2022 டிசம்பரில் மீண்டும் தொடங்கினார்கள். இன்று மாநிலத்தின் 21 மாவட்டங்களிலும் கரடி தென்பட்டிருக்கிறது. 2014இல் வெஸ்ட் மில்ஃபோர்டு அருகே காட்டுப்பாதையில் நடக்கப் போன கல்லூரி மாணவர் ஒருவர் கரடி தாக்கி இறந்தார். ஒவ்வோர் ஆண்டும் வேட்டை தொடங்கும்போது ஆதரிப்பவர்களும் எதிர்ப்பவர்களும் தெருவுக்கு வருவார்கள், நீதிமன்றமும் உண்டு. நம் ஊர் ஜல்லிக்கட்டு விவாதத்தின் சூட்டுக்கு அது சற்றும் குறைந்ததல்ல.

இந்தச் சத்தத்தில் காதில் விழாமல் போவது குப்பைத்தொட்டி. குளிர்காலத்துக்கு முன் உடலில் கொழுப்பேற்றிக்கொள்ள நாள் முழுவதும் இரை தேடும் கரடிக்கு, வீட்டு வாசலில் மூடாமல் கிடக்கும் தொட்டியும், பறவைகளுக்காகத் தொங்கவிடும் சூரியகாந்தி விதைக் கூண்டும் காட்டில் கிடைக்காத விருந்து. அதனால்தான் கரடிக்குத் தீனி போடுவது இங்கே சட்டப்படி குற்றம். கொலராடோ மாநிலத்தின் டுராங்கோ நகரில், கரடியால் திறக்க முடியாத தொட்டிகளைச் சில பகுதிகளில் மட்டும் வீடுவீடாகக் கொடுத்து ஆராய்ந்தார்கள். அந்தப் பகுதிகளில் குப்பையால் வரும் கரடித் தொல்லை மற்ற பகுதிகளைவிட 60 விழுக்காடு குறைவாக இருந்ததாக 2018இல் வெளியான முடிவுகள் சொல்கின்றன. பிடித்துத் தொலைவில் விடும் முறையைப் பெரிதும் நம்ப முடிவதில்லை. பல கரடிகள் நெடுந்தொலைவு நடந்து பழைய இடத்துக்கே திரும்பிவிடுகின்றன.

மனுவில் நியூ ஜெர்சியைச் சேர்ப்பதானால் வேட்டையை மட்டும் பிய்த்தெடுத்துச் சேர்க்காமல், இதையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

பதில் 2: ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், கும்பகோணம்

தம்பி, மாயவரத்துக்காரர் கரடியைப் பற்றிச் சொன்னது பயனுள்ளது. ஆனால் கரடியும் பன்றியும் பெருகும் விதத்தில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு இருப்பதை மனு எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டும். பெண் கருங்கரடி கோடையில் இணை சேர்ந்து, ஜனவரி வாக்கில் குகையில் இரண்டு மூன்று குட்டிகளை ஈன்று, ஒன்றரை ஆண்டு கூடவே வைத்து வளர்க்கும். ஆகவே இரண்டு ஆண்டுக்கு ஒரு முறைதான் குட்டி போடும். அத்தகைய விலங்கில் ஆண்டுக்குச் சில நூறு குறைந்தாலே எண்ணிக்கையில் தெரியும். காட்டுப்பன்றிக்கோ நான்கு மாதத்துக்குள் சினைக்காலம் முடிந்துவிடும். ஈற்றுக்கு நான்கிலிருந்து ஆறு குட்டிகள். தீனி தாராளமாகக் கிடைத்தால் ஒரு வயதிலேயே பெண்பன்றி குட்டி போடத் தொடங்கும். துப்பாக்கியால் சிலவற்றைக் குறைத்தாலும், தீனியும் ஒதுங்க இடமும் இருக்கும் வரை அடுத்த பருவத்துக்குள் அந்த இடம் நிரம்பிவிடும்.

சட்ட நிலையையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஜனவரியில் வெளியான தமிழ்நாடு அரசின் ஆணைப்படி, காப்புக்காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் வனத்துறையினர் சுடலாம். உங்கள் படுகைக்கு அருகே காப்புக்காடு இல்லையென்றால் நீங்கள் மூன்றாம் பிரிவில்தான் வருவீர்கள். இருக்கும் வழியை முழுதாகப் பயன்படுத்திப் பார்க்காமல், தனியார் வேட்டை உரிமம் கேட்பது எனக்கு ஏற்புடையதாகத் தோன்றவில்லை. கரும்புத் தோட்டத்துக்குள் இருட்டில் ஆள் எது, பன்றி எது என்று யார் பார்ப்பது?

பதில் 3: பாபநாசம் விவசாயி

இருவரும் சொல்வதைப் படித்தேன். குப்பைத்தொட்டியைப் பூட்டலாம், வயலைப் பூட்ட முடியுமா? அமெரிக்கக் கரடி தின்பது மனிதர் வீசியெறிந்ததை. இங்கே பன்றி தின்பது நாங்கள் கடன் வாங்கிப் போட்ட பயிரை. தீனியை அப்புறப்படுத்துங்கள் என்று எங்களிடம் சொன்னால், விவசாயத்தையே விட்டுவிடுங்கள் என்பதுதான் அதன் பொருள். சுடுவதற்கு வனத்துறையில் போதுமான ஆள் இல்லை என்பதால்தான் உரிமம் கேட்கிறோம்.

பதில் 4: ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், கும்பகோணம்

கேள்வி நியாயமானது. தீனியைப் பூட்ட முடியாது. பகலில் பன்றி ஒதுங்கும் இடத்தைக் குறைக்க முடியும். கொள்ளிடத்தின் திட்டுகளிலும் கரையோரப் புறம்போக்கிலும் அடர்ந்து கிடக்கும் சீமைக்கருவேலம்தான் அவற்றின் வீடு. அதை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்றம் பலமுறை வலியுறுத்தியும், வெட்டிய இடத்தில் தூர் தளிர்த்து மறுபடி புதராகிவிடுகிறது. வேரோடு பிடுங்கி, தொடர்ந்து பராமரிக்க வேண்டும் என்று நீர்வளத்துறையிடம் கேளுங்கள். அதற்காகப் பொக்லைனைக் கொண்டு நாணலையும் சேர்த்து வழித்தெறிந்துவிடக் கூடாது. நாணல் கரையைப் பிடித்து நிறுத்துகிறது, நீர்நாய்களுக்கும் அதுதான் இடம்.

வேலி போடுவதானால் நான்கைந்து பேர் வயல்களைச் சேர்த்து ஒரே சூரியமின் வேலியாகப் போடுங்கள். ஒருவர் மட்டும் போட்டால் பன்றி பக்கத்து வயலுக்குப் போகும், அவ்வளவுதான். அடிக்கம்பி தரையிலிருந்து ஒரு சாணுக்கு மேல் இருக்கக் கூடாது. இருந்தால் அடியில் நுழைந்துவிடும். மின்கம்பத்திலிருந்து கொக்கி போட்டு வேலிக்கு மின்சாரம் கொடுப்பதும், அவுட்டுக்காய் (தீனிக்குள் மறைத்து வைக்கும் நாட்டு வெடி) வைப்பதும் கடுங்குற்றங்கள். இரண்டிலும் மனிதர் உயிர் போயிருக்கிறது. ஆள் பற்றாக்குறை உண்மைதான். அதையே மனுவின் முதல் கோரிக்கையாக வைத்து, சுடுவதற்குப் பயிற்சி பெற்ற குழு ஒன்றை வனத்துறை டெல்டாவுக்கென்று அனுப்ப வேண்டும் என்று எழுதினால், மறுத்துப் பேச யாருக்கும் எளிதாக இருக்காது.

பதில் 5: வேதாரண்யம் வாசகர்

ஒரு சிறு வேண்டுகோள். உங்கள் மனுவை டெல்டா மாவட்டங்கள் அனைத்துக்கும் பொதுவாக எழுதிவிடாதீர்கள். 1967இல் அறிவிக்கப்பட்ட கோடியக்கரை சரணாலயத்தை ஒட்டியே எங்கள் நிலக்கடலைக் கொல்லைகள் இருக்கின்றன. பன்றிகள் சரணாலயத்துக்குள்ளிருந்துதான் வருகின்றன. நாங்கள் இருப்பது சுடக்கூடாத முதல் பிரிவில். துப்பாக்கி வெடித்தால் வெளிமான்களும் மிரளும். எங்களுக்கு வேண்டியது சரணாலய எல்லையில் உறுதியான வேலியும், இழப்பீட்டுக்கு அலையாத ஏற்பாடும்தான். கொள்ளிடத்துக்குத் தனியாகவும் கோடியக்கரைக்குத் தனியாகவும் எழுதுவதானால், எங்கள் பக்கத்துக் கையெழுத்துகளைத் திரட்டித் தருகிறேன்.