பதில்: பிஷிங்குக்கு தமிழ், ‘மின்தூண்டல்’ வேணாம் ‘தூண்டில்’ போதும்

எல்லாருக்கும் வணக்கம்,

ரெண்டு மூணு நாளா வாசிக்க மட்டும்தான் நேரம் இருந்திச்சி, இண்டைக்கு போயா லீவு எண்டபடியா ஆறுதலா இருந்து எழுதுறன். நாம எழுதுற இணையப் பாதுகாப்புக் கையேடு அச்சுக்கு போறத்துக்கு முந்தி, பிஷிங் எண்ட இந்த ஒரு சொல்லுக்காவது தமிழ் முடிவெடுக்கணும். வங்கி, கம்பனி மாதிரி நடிச்சி செய்தி அனுப்பி பாஸ்வேர்ட், கார்ட் நம்பர் பிடுங்குற மோசடிதான் பிஷிங்.

> பிஷிங் = மின்தூண்டல். சுருக்கமாவும் இருக்கு, கணினி சம்பந்தம் எண்டும் விளங்குது.

டீச்சர், குறை நினைக்காதீங்க, இதுக்கு நான் சம்மதிக்க மாட்டன். ஏஎல் (உயர்தரம்) பௌதிகவியல் படிக்கிற பிள்ளைக்கிட்ட தூண்டல் எண்டு சொல்லிப் பாருங்க, அதுக்கு பரடேயும் காந்தமும் கம்பிச்சுருளும்தான் ஞாபகம் வரும். மின்காந்தத் தூண்டல் எண்டு பாடப்புத்தகத்தில எத்தனையோ வருசமா இருக்கிற சொல், அதுக்கு முன்னால இருக்கிற ‘மின்’னையும் சேர்த்து நாம எடுத்தா ரெண்டு பாடமும் குழம்பிரும். எங்கட கிழக்கிலங்கைக் காரைதீவில பிறந்த தமிழறிஞர் விபுலாநந்த அடிகள் 1936-ல சென்னையில நடந்த கலைச்சொல் மாநாட்டுக்கே தலைமை தாங்கினவர், அந்த மண்ணில இருந்து சொல் ஆக்குற நாம ஒரு சொல்லுக்கு ரெண்டு வேலை குடுக்கக்கூடாது.

> ‘ஏமாற்று மின்னஞ்சல்’ எண்டே எழுதலாமே, எல்லாருக்கும் விளங்கும்.

சென்னை அண்ணா, எங்கட பக்கம் சனத்துக்கு இது மின்னஞ்சலில வாறது குறைவு, எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், கோல், இப்ப கியூஆர் கோட்டிலயும் வருது. மறுகா ஏமாற்று எண்டது சீட்டுக்காசு சுருட்டினவனுக்கும் பொருந்துற சொல், என்ன மாதிரி ஏமாத்துறாங்க எண்டு அது சொல்லல்லயே.

நான் ஏன் தூண்டிலில நிக்கிறன் எண்டா, கல்லடியில இருக்கிற என்ட மாமிக்கு நடந்தது. கட்டாரில இருக்கிற மகன் பார்சல் போட்டிருந்த நேரம், ‘உங்கள் பார்சல் முகவரி பிழையால் தேங்கி நிற்கிறது, 85 ரூபா செலுத்தவும்’ எண்டு ஒரு மெசேஜ், கீழ லிங்க். 85 ரூபாதானே எண்டு மாமி கார்ட் நம்பரைப் போட்டு, மறுகா போனுக்கு வந்த ஓடிபியையும் போட்டு, அந்த மாசத்துக்கு மகன் அனுப்பின காசு முழுக்க போயிட்டு. நான் போய் இது பிஷிங் மாமி எண்டு சொன்னன், அப்படியெண்டா என்ன மனே எண்டு கேட்டா. தூண்டில் போட்டிருக்காங்க மாமி, அந்த 85 ரூபாதான் இரை எண்டன். மாமா வாவியில தோணி விட்டவர், மாமிக்கு அதுக்கு மேல விளக்கமே தேவைப்படல்ல. “அப்ப ஓடிபிதான் கொளுக்கியில இருக்கிற எதிர்முள்ளு, அது ஏறினா மீன் கழர ஏலாது” எண்டு அவதான் எனக்கு சொல்லித் தந்தா. பத்து நிமிசம் நான் கிளாஸ் எடுத்திருந்தாலும் இவ்வளவு சரியா வந்திருக்காது.

இங்கிலீஷிலயும் மீன்பிடியில இருந்து வந்த சொல்தான். 1990-களின் நடுப்பகுதியில அமெரிக்கால ஏஓஎல் எண்ட இணைய சேவையில, நாங்க கம்பனி ஆக்கள் உங்கட கணக்கை சரிபார்க்கணும் எண்டு மெசேஜ் போட்டு பாஸ்வேர்ட் பிடுங்கினவங்க, அப்ப வந்த பேர். முதல் எழுத்தை f-ல இருந்து ph எண்டு மாத்தினது பழைய டெலிபோன் திருட்டுக்கு இருந்த ‘பிரீக்கிங்’ எண்ட சொல்லைப் பார்த்துத்தான் எண்டு சொல்றாங்க. தமிழ் எழுத்தில ரெண்டும் பிஷிங்தான், அதனால அந்த எழுத்து வித்தியாசத்தை நாம காவத் தேவையில்ல.

ஆகவே என்ட முன்மொழிவு: செயலுக்கு தூண்டிலிடல், வாற செய்திக்கு தூண்டில் செய்தி, போலி இணையதளத்துக்கு தூண்டில் தளம். பேச்சில ‘எனக்கு தூண்டில் போட்டாங்க’ எண்டு தானா வரும், வினையா வராத சொல் சனத்திட வாயில நிக்காது. ஒரு ஆளை மட்டும் குறிவெச்சி, அவர்ர பேர், வேலை எல்லாம் விசாரிச்சி அனுப்புறத்துக்கு முதல்ல மண்டா (மீன் குத்துற ஈட்டி) எண்டு நினைச்சன், கண்ட மீனைப் பார்த்து எறியிறது மண்டாதானே. அக்கரைப்பற்று நானா அது எங்கட பக்கம் இளம் ஆக்களுக்கு தெரியாது எண்டு சொன்னார், சரி, குறித்தூண்டில் எண்டு வைப்பம்.

இன்னொண்டு, கையேட்டில ‘லிங்கை நல்லாப் பார்க்கவும்’ எண்டு மட்டும் எழுதினா பிரயோசனம் இல்ல. சனம் முன்னுக்கு இருக்கிற பேரைத்தான் பார்க்கும், கள்ளனும் வங்கிட பேரை முன்னுக்குத்தான் போடுவான். ‘வங்கிபேர்.எல்கே.பார்சல்செக்.கொம்’ எண்டு இருந்தா சொந்தக்காரன் பார்சல்செக்.கொம்தான், வங்கி இல்ல. தொடக்கத்தில https:// எண்டு வாற ரெட்டைக் கோட்டை விட்டுட்டு, அதுக்குப் பிறகு வாற முதலாவது தனிச் சாய்கோட்டில (/) நிண்டு இடப்பக்கமா வாசிக்கணும். பூட்டுப் படமும் நம்பிக்கை இல்ல, வழியில ஆரும் ஒட்டுக்கேட்க ஏலாது எண்டதைத்தான் அது சொல்லுது, அந்தப் பக்கம் இருக்கிறது கள்ளனா எண்டு சொல்லாது. தூண்டில் தளத்துக்கும் பூட்டு கிடைக்கும். பாஸ்வேர்ட் மனேஜர் (பாஸ்வேர்டுகளை சேமிச்சி வெச்சி தானா நிரப்புற செயலி) வெச்சிருக்கிற ஆக்களுக்கு ஒரு வசதி, முகவரி வேற எண்டா அது தானா நிரப்பாது, நிரப்பல்ல எண்டா அங்கயே கையை எடுக்கணும்.

டீச்சர்ர பதிலுக்கு காத்திருக்கன்.

———

தம்பி, தூண்டல் விசயம் சரி, பௌதிகவியல் படிப்பிக்கிற நானே அதை யோசிக்கல்ல. தூண்டில் எனக்கும் சம்மதம். ஒரு கேள்வி, மாட்டின ஆளுக்கு என்ன சொல்? நகல் பிரதியில ‘ஏமாந்தவர்’ எண்டு கிடக்கு. எனக்கு அது மனசுக்கு சரியா படல்ல.

———

டீச்சர், நல்ல நேரம் கேட்டீங்க. மாமி மூணு நாள் ஆருக்கும் சொல்லல்ல. ஏமாந்துட்டன் எண்டு எப்படி வாயால சொல்றது எண்டுதான் இருந்திருக்கா. உடனே வங்கிக்கு கோல் எடுத்து கார்டை நிப்பாட்டியிருந்தா ரெண்டாம் தரம் எடுத்த காசாவது மிஞ்சியிருக்கும். ‘தூண்டிலில் பட்டவர்’ எண்டு போடுவமா? அடிபட்ட ஆளை நாம அப்படித்தானே சொல்றம். ஓம் எண்டா நகலில நாலு இடத்தில இருக்கு, நானே இண்டைக்கு இரவைக்கு மாத்திப் போடுறன்.